நாற்றமடித்த நல்ல ஒயின்

இந்த மாதம் சாய் வைக்க வேண்டியவள் மாஹினூர். கசாக் நாட்டு எசிக் ஊரில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போன பெண்கள் மாதம் ஒருத்தி வீட்டில் கூடிக்கொள்வதற்குத்தான் சாய் என்று பெயர். தேநீர் அதில் கடைசியாகத்தான் வரும். முதலில் வருவது ஊர்வம்பு. இந்த முறை தான் சமைக்கப் போவதில்லை என்று மாஹினூர் போன் போட்டு எல்லோருக்கும் அறிவித்துவிட்டாள்.

"எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி வீட்டு அடுப்படிய இன்னொருத்தி எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கறது? மலையடிவாரத்துல யெர்மெக்னு ஒரு ஆளு ஒயின் பண்ணை போட்டிருக்கான்ல, அங்க போறோம். உக்கார வச்சு ஊத்திக் குடுப்பானாம். ஜன்னலுக்கு நேரா பனிமலை. போட்டோ எடுத்துப் போட்டா எங்க ஓரகத்தி வயிறு எரியணும்."

"எனக்கு சனிக்கிழமை கடையில கூட்டம்டி" என்றாள் ரிஸ்வான்குல்.

"கூட்டத்த உன் புருஷன் பாத்துக்குவான். நீ வரலைன்னா சம்சா யாரு கொண்டு வருவா? கழுத்தப் புடிச்சு இழுத்துட்டுப் போயிருவேன், சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டு ரிஸ்வான்குல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒயினை மோந்து பார்த்து அதில் என்ன மணக்கிறது என்று சொல்லும் இடமாம். உலகத்தில் அவள் போகவே கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

சந்தைக்குப் பின்புறம் அவளுக்கு ஒரு லக்மான் கடை இருந்தது. மாவைக் கையாலேயே இழுத்து இழுத்து நூலாக்கி, கறியும் காயும் வதக்கிய குழம்பை மேலே ஊற்றித் தரும் சின்னக் கடை. பழங்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகிற லாரிக்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். முந்தின வருஷக் குளிர்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல்கூட இல்லை. எழுந்து கடைக்கு வந்து எண்ணெயில் வெங்காயத்தைப் போட்டபோது, வெங்காயம் சத்தம் போட்டது, ஆனால் மணக்கவில்லை. பூண்டைப் போட்டாள். ஒன்றுமில்லை. வினிகர் புட்டியைத் திறந்து மூக்கில் வைத்தாள். உள்ளே சுருக்கென்று குத்தியது, அவ்வளவுதான். யாரோ உலகத்துக்கு ஒரு மூடி போட்டு மூடியதுபோல் இருந்தது.

இன்று திரும்பும், நாளை திரும்பும் என்று காத்திருந்ததில் ஒரு கோடையும் இன்னொரு கோடையும் போய்விட்டன. கைப்பழக்கத்தை வைத்துச் சமைத்தாள். வெங்காயம் பொன்னிறமானதைக் கண் சொல்லும், மாவின் பதத்தை விரல் சொல்லும், உப்பை நாக்கு சொல்லும். மற்றதெல்லாம் குருட்டாம்போக்கு. புருஷன் டொல்குனைத் தவிர யாருக்கும் அவள் சொல்லவில்லை. மூக்கில்லாத சமையற்காரியின் கையில் யார் சாப்பிடுவார்கள்?

போன மாதம் ஒரு நாள் காலையில், அடுப்பின் திருகு சரியாக மூடாமல் கேஸ் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதன் பக்கத்திலேயே நின்று தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். மாவு மூட்டையோடு உள்ளே வந்த டொல்குன், மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டு அவளைத் தோளோடு அள்ளித் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனான். அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. கை மட்டும் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகுதான் அவள் முடிவெடுத்தாள். எதிர்க்கடை நிஜாத் நெடுநாளாகவே அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். பதில் என்னவென்று இருவருக்குமே தெரியும்.

"போயிட்டு வா" என்றான் டொல்குன். "சும்மா மலையப் பாரு. மலைக்கு வாசனை கெடையாது."

சனிக்கிழமை வேராவின் காரில் கிளம்பினார்கள். வேரா த்சோய் கொரியக்காரி. ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக வேலை பார்ப்பவள். அந்தப் பழக்கத்திலேயே சொந்தக் காரையும் சைரன் போட்ட மாதிரிதான் ஓட்டுவாள். முன் இருக்கையில் ஹெல்செம் அக்கா. அவள் இவர்களோடு படித்தவள் இல்லை, மாஹினூரின் நாத்தனார். ஐந்து வேளையும் தொழுபவள். தம்பி பெண்டாட்டி ஒயின் குடிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, காவலுக்கு வந்திருந்தாள்.

"நான் திராட்சை ரசம்தான் குடிப்பேன்" என்றாள் ஹெல்செம் அக்கா, கார் ஏறியதும்.

"அதுவும் திராட்சை ரசம்தான் அக்கா, கொஞ்சம் வயசானது" என்றாள் மாஹினூர்.

"உனக்கும்தான் வயசாச்சு. புத்தி வந்துச்சா?"

மடியில் சம்சாப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ரிஸ்வான்குல் சிரித்தாள். ஆப்பிள் பறிக்கும் காலம். சாலையோரமெங்கும் வாளி வாளியாக அடுக்கி வைத்திருந்தார்கள். வேரா கண்ணாடியை இறக்கி, "ஆகா, என்ன மணம்!" என்றாள். ரிஸ்வான்குல்லும் "ஆகா" என்றாள். இப்படிச் சொல்வது இப்போது அவளுக்குத் தும்மலுக்குப் பதில் சொல்வதுபோலப் பழகிவிட்டிருந்தது.

யெர்மெக் வாசலிலேயே நின்றிருந்தான். நாற்பதைத் தொட்ட, நெட்டையான, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாத கசாக்கியன். முன்பு பாலம் கட்டும் இஞ்சினியராக இருந்து, எல்லோரும் வேண்டாம் என்று சொன்னபோதும் இந்தச் சரிவை வாங்கித் திராட்சை போட்டவன். சுவைக்கூடம் என்பது ஒரே ஒரு நீளமான அறைதான். நடுவில் பலகை மேஜை, ஓரத்தில் ஒரு காபி இயந்திரம், எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு வெளியே திராட்சை வரிசைகள் கீழிறங்கி, ஓடையைத் தாண்டியதும் நிலம் எழும்பி, தேவதாரு கறுத்து, அதற்குமேல் அன்று விடியற்காலை விழுந்த புதுப் பனியோடு மலை நின்றது. ஹெல்செம் அக்கா பார்த்தவுடன் அல்லாவின் பெயரைச் சொன்னாள். மாஹினூர் போனை எடுத்தாள்.

"உக்காருங்க அக்கா, எல்லாரும் உக்காருங்க. நான் கொஞ்சம் அதிகமாப் பேசுவேன். போரடிச்சா சொல்லிருங்க" என்றான் யெர்மெக்.

"எங்ககிட்ட ஒருத்தன் அதிகமாப் பேசி ஜெயிச்சதா சரித்திரமே இல்ல தம்பி. ஊத்து" என்றாள் மாஹினூர்.

முதலில் வெள்ளை ஒயின். கோப்பையை எப்படிச் சுழற்றுவது, மூக்கை எவ்வளவு உள்ளே விடுவது என்று அவன் காட்டினான். ஹெல்செம் அக்கா தன் திராட்சை ரசத்தை அதேபோல மரியாதையாகச் சுழற்றினாள்.

"என்ன மணக்குது, சொல்லுங்க பாப்போம். தப்பு, ரைட்டு எதுவும் கெடையாது."

"பேரிக்கா" என்றாள் மாஹினூர்.

"எனக்கு எங்க ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டுதான் தெரியுது" என்றாள் வேரா. "பொறு... ஆமா, ஏதோ பூ. எலுமிச்சைத் தோல் மாதிரியும் இருக்கு."

எல்லோரும் தன்னைப் பார்ப்பதை ரிஸ்வான்குல் உணர்ந்தாள். கோப்பைக்குள் மூக்கை விட்டாள். குளிர்ந்த கண்ணாடி, அதற்குள் ஒன்றுமில்லை. "பேரிக்காதான்" என்றாள். "ஆனா நல்லாப் பழுத்தது."

"பாத்தீங்களா!" என்று யெர்மெக் கையைத் தட்டினான். "சமைக்கறவங்க மூக்கே தனி."

அவளுக்கு முகம் சுட்டது. இரண்டாவது ஒயினுக்கும் அதே வித்தை பலித்தது. மற்றவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதிலேயே ஒரு சொல்லை எடுத்துக் கொஞ்சம் திருப்பிப் போட்டாள். செர்ரி என்றால், காய்ந்த செர்ரி. அவன் ஒவ்வொரு முறையும் மகிழ்ந்துபோனான். சோறு போட்ட வீட்டில் பொய் சொல்வதுபோல் அவளுக்கு இருந்தது.

பிறகு அவன் அவர்களைப் பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப் போனான். அந்த வாரம் நசுக்கிய கறுப்புத் திராட்சை, இடுப்புயரத் தொட்டியில் புளித்துக்கொண்டிருந்தது. மேலே தோல்கள் தடித்த ஆடையாகப் படிந்து, அதன் வெடிப்புகளில் குமிழிகள் முணுமுணுத்தன. யெர்மெக் ஒரு நீண்ட மரக்கட்டையால் அந்த ஆடையை உள்ளே அமுக்கிக் காட்டினான். ரிஸ்வான்குல் குனிந்தாள். அந்த நொடியே மூக்கின் உள்ளே, கண்களுக்கு நடுவே, பளீரென்று ஊசி குத்தியது. அவள் நிமிர்ந்து மறுபடி குனிந்தாள். மறுபடி குத்தியது.

"தம்பி, இது... இது என்ன மணம்? சுள்ளுனு ஏறுதே?"

"ஐயோ, ரொம்பக் குனியாதீங்க அக்கா! அது மணம் இல்ல, புளிக்கும்போது கெளம்புற வாயு. குத்தல்தான் அது. மூக்கே வேலை செய்யாதவங்களுக்குக்கூட அது குத்தும்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவள் "ஓ" என்று சொல்லிவிட்டுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே வரும்போது வேரா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அறைக்குத் திரும்பியதும் சாப்பாடு. யெர்மெக் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்தான். ரிஸ்வான்குல் பாத்திரத்தைத் திறந்து சம்சாக்களை அடுக்கினாள். மாஹினூர் ஒன்றைக் கடித்து, மென்று, மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஏண்டி ரிஸ்வான், சீரகத்த நகைக்கடையிலயா வாங்குற? எண்ணி எண்ணிப் போட்டிருக்க."

"நல்லாத்தான் இருக்கு, சும்மா தின்னு" என்றாள் வேரா.

"நல்லா இல்லைன்னா சொன்னேன்? முன்ன மாதிரி இல்லைன்னு சொல்றேன். இவகிட்ட நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா? லக்மானும் அப்படித்தான். ஒரு நாள் வினிகர் தூக்கலா இருக்கு, ஒரு நாள் பூண்டு கருகிக் கெடக்கு. சந்தையில பேசிக்கிறாங்கடி. கை இறுகிப்போச்சு, கருமியாயிட்டா, கவனமில்லன்னு."

"யாரு பேசிக்கிறா?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னா நீயா?"

"நானும்தான்! பொய்யா சொல்றேன்?"

ரிஸ்வான்குல் கோப்பையை மேஜையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைக்க நினைத்தாள். அது டக்கென்று சத்தம் போட்டது.

"எனக்கு மணக்கலடி" என்றாள். "சீரகமும் மணக்கல, பூண்டு கருகறதும் மணக்கல. அந்தக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து எதுவுமே மணக்கல. என் புள்ள தலை மணக்கல. பேரிக்கான்னு சொன்னேன்ல? பொய். செர்ரியும் பொய். இங்க வந்ததுலேர்ந்து பொய்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். திங்கக்கிழமை கடைய நிஜாத்கிட்ட குடுக்கப் போறேன். போதுமா? போயி சந்தையில சொல்லு."

ஹெல்செம் அக்கா நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து ரிஸ்வான்குல்லின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மாஹினூரின் வாயில் சம்சா அப்படியே இருந்தது. அதை விழுங்க அவள் பட்ட பாடு பார்க்கச் சகிக்கவில்லை.

"எருமை!" என்றாள் கடைசியில். கண்ணில் நீர் கட்டியிருந்தது. "எருமைக் கழுதை! ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? ஊர்ல அத்தனை பேர் விஷயத்துலயும் மூக்க நுழைக்கிறவ நான். என் கூட்டாளிக்கு மூக்கு போனது எனக்குத் தெரியல. அத்தனை நாளும் உன்னைக் கருமின்னு நான்தான்டி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்!"

"அது தெரியும்."

"தெரிஞ்சும் சம்சா கொண்டு வந்தியே, உன்னைய என்ன பண்றது?"

வேரா மட்டும் வேலையில் இருப்பவள்போல ஆகிவிட்டாள். "மொத்தமாவே இல்லையா? நடுவுல எப்பவாவது ஒரு நொடி? கெட்ட நாத்தமாவது?"

"எதுவுமே இல்ல. கேஸ் ஒழுகினதே தெரியல."

வேரா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். பொய்யான ஆறுதல் சொல்லிப் பழக்கம் இல்லாதவள்.

இத்தனை நேரமும் யெர்மெக் கையில் ஒரு புட்டியோடு சுவரோரமாக நின்றிருந்தான். போவதா நிற்பதா என்று தெரியாமல், தன் கூடத்திலேயே அழையாத விருந்தாளியைப்போல இருந்தான். "அக்கா, இது கடைசி ஒயின். சப்பெராவின்னு ஒரு கறுப்புத் திராட்சை. மரப் பீப்பாய்ல வச்சது. என்கிட்ட இருக்கறதுலயே இதுதான்... வேணாம்னா விட்டுரலாம். டீ போடறேன்."

"ஊத்து தம்பி" என்றாள் ரிஸ்வான்குல். எல்லாவற்றையும் கொட்டி முடித்ததில் அவளுக்கு ஒரு லேசான தன்மை வந்திருந்தது. ஒளிக்க இனி எதுவும் இல்லை. "உன் மனசு எதுக்கு நோகணும்? நெறத்தையாவது பாக்கறேன்."

நல்ல நிறம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால்கூட மறுபக்கம் தெரியாத கறுஞ்சிவப்பு. அவன் சொல்லிக்கொடுத்தபடி சுழற்றினாள். பழக்கத்துக்கு மூக்கருகே கொண்டுபோனாள்.

உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எதையோ எரிக்கிறாங்க போல" என்றாள். "வெளிய யாராவது டயர் எரிக்கிறாங்களா?"

எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். புகை எதுவும் இல்லை. மாஹினூர் கோப்பையில் மூக்கை விட்டு, "அடேயப்பா, தம்பி, இது என்ன, சாக்லேட்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரிஸ்வான்குல் மறுபடி மோந்தாள். எரிந்த ரப்பர்; அதோடு சாக்குக்குள் அழுகிப்போன வெங்காயம். கோப்பையைத் தள்ளி வைத்தாள். போய்விட்டது. கிட்டே கொண்டுவந்தாள். வந்துவிட்டது.

"ஐயோ" என்றாள். பிறகு எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "ஐயோ, நாறுது! வேரா, நாறுதுடி! இந்த ஒயின் நாறுது!"

யெர்மெக்கின் முகத்தில் ரத்தம் வற்றியது. புட்டியைப் பறித்து மோந்தான். அவள் கோப்பையை மோந்தான். "இல்லையே... நல்லாத்தானே இருக்கு?" கார்க்கை மோந்தான். உள்ளே ஓடி இன்னொரு புட்டியைக் கொண்டு வந்து, திறந்து, புதுக் கோப்பையில் ஊற்றி நீட்டினான்.

அவள் ஆழமாக இழுத்தாள். "இதுவும் நாறுது!" என்று கத்தினாள். கன்னமெல்லாம் கண்ணீர் வழிய, வாய் நிறையச் சிரித்தாள். "அடப்பாவி, என்னமா நாறுது! செத்த எலி தோத்துப் போச்சு!"

வேரா மேஜையைச் சுற்றி ஓடிவந்து அவள் தோள்களைப் பிடித்தாள். "எப்படி நாறுது? சொல்லு. சரியாச் சொல்லு."

"எரிஞ்ச டயர். அழுகின வெங்காயம்."

"நிச்சயமா? குத்தல் இல்லையே? நாத்தம்தானே?"

"எனக்கு நாத்தம் தெரியாதாடி? சந்தைக்குப் பின்னாலதான கடை வச்சிருக்கேன்!"

வேராவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "இது நல்லது. கேளு, இது ரொம்ப நல்லது. மொத்தமாச் செத்துப்போன நரம்புக்கு நாத்தமும் தெரியாது. நரம்பு மறுபடி முளைக்கும்போது கம்பிய மாத்தி மாத்திக் குடுத்த மாதிரிதான் முதல்ல வரும். நல்லது கெட்டதா வரும். நம்ம ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சு. காபியப் பாத்தாலே வாந்தி எடுத்தாரு. அப்புறம் ஒண்ணொண்ணா சரியாச்சு." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "எல்லாருக்கும் முழுசா வந்துரும்னு நான் சொல்ல மாட்டேன். மாசக்கணக்காகும். ஆனா கதவு தொறந்திருச்சுடி. கோணலாத் தொறந்திருக்கு, அவ்வளவுதான்."

"காபி!" என்றாள் மாஹினூர். "தம்பி, காபி இருக்கா?"

அதற்குப் பிறகு அந்தச் சுவைக்கூடத்தில் நடந்ததை வெளியாள் யாராவது பார்த்திருந்தால், ஒயின் தலைக்கேறிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். யெர்மெக் காபி கொண்டுவந்தான், அது ஒயினைவிட மோசமாக நாறியது, எல்லோரும் கைதட்டினார்கள். ரொட்டி: ஒன்றுமில்லை. பாலாடைக்கட்டி: ஒன்றுமில்லை. சோப்பு: ஒன்றுமில்லை. மாஹினூர் தன் செருப்பைக் கழற்றி நீட்டினாள். அதுவும் ஒன்றுமில்லை; மற்றவர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். யெர்மெக் டிராக்டர் துடைக்கும் துணியை எடுத்து வந்தான், ஒரு கைப்பிடி உலர்ந்த புதினா எடுத்து வந்தான், கருகிய பீப்பாய்ப் பலகை ஒன்றை எடுத்து வந்தான். பலகையில் அந்த நாற்றம் லேசாக எட்டிப்பார்த்தது. "அப்ப எல்லாம் அந்தப் பீப்பாய் வேலைதான்!" என்று அவன் கண்டுபிடித்துவிட்டவன்போலக் கத்தினான். ஹெல்செம் அக்கா தன் திராட்சை ரசத்தை நீட்டி, அது நாறவில்லை என்று கேட்டுக்கொண்ட பிறகு, "ஹராம்தான் நாறும், ஹலால் நாறாது" என்று தீர்ப்புச் சொன்னாள். மாஹினூர் அவள் காலிலேயே விழுந்து சிரித்தாள்.

களைத்துப்போய் எல்லோரும் வெளி மேடையில் வந்து நின்றார்கள். மேய்ச்சல் காலம் முடிந்து மேலிருந்து இறங்கும் மாடுகள், சரிவில் புள்ளிகளாக நகர்ந்தன. ரிஸ்வான்குல் காற்றை இழுத்துப் பார்த்தாள். வெறும் குளிர். ஆனால் அந்த ஒன்றுமில்லாமை இப்போது சுவர்போல இல்லை.

யெர்மெக் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, ஒண்ணு கேக்கலாமா? என் ஒயினக் குடிச்சு சந்தோஷத்துல அழுத முதல் ஆளு நீங்கதான். ஆனா காரணத்த மட்டும் தயவுபண்ணி நெட்ல எழுதிராதீங்க."

"டயர் நாத்தம்னு எழுதினா கூட்டம் வராதா?"

"லாரிக்காரங்க வருவாங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அந்தச் சப்பெராவியில் ஒரு புட்டி வேண்டும் என்று கேட்டாள். வீட்டில் தினமும் மோந்து பார்க்க. அவன் இரண்டைக் கொண்டுவந்து காருக்குள் வைத்தான். "ஒண்ணு மோக்கறதுக்கு. இன்னொண்ணு வீட்டுக்காரருக்கு. அவரு குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்லட்டும். என் மனசுக்கும் ஆறுதல் வேணும்ல?"

அன்று ராத்திரி வீட்டில் டொல்குன் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சுளித்து, "எப்படித்தான் இதக் குடிக்கிறியோ" என்றதும், அவன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான். பிறகு எழுந்து முற்றத்துக்குப் போய், நெடுநேரம் விறகு அடுக்குவதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை நிஜாத் அளவெடுக்கும் டேப்போடு வந்தான். அடுப்பை இடம் மாற்றப் போகிறானாம். கடைக்குள் நுழைந்தால், அடுப்பின்முன் மாஹினூர் இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள்.

"டேப்பச் சுருட்டிக்கிட்டுப் போப்பா" என்றாள். "கடை எங்கயும் போகல."

"நான் ரிஸ்வான்குல் அக்காகிட்டதான பேசணும்?"

"அவ சொன்னதுதான் நிஜாத்" என்று உள்ளிருந்து மாவு இழுத்துக்கொண்டே ரிஸ்வான்குல் சொன்னாள். "கோவிச்சுக்காத. உக்காந்து ஒரு தட்டு சாப்ட்டுட்டுப் போ."

அன்றிலிருந்து கடை திறப்பதற்குமுன் மாஹினூர் வந்துவிடுவாள். டொல்குன் அடுப்பு மேடைக்குமேல், கேஸ் கசிந்தால் அலறும் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினான். வதக்கலை மாஹினூர் மோந்து சொல்வாள். அவள் சொன்னதை ரிஸ்வான்குல் கேட்க மாட்டாள். சண்டை தெருமுனை வரை கேட்கும். சீரகம் கூடியது. "உன் மூக்குக்கும் எனக்கும் ஒத்து வராது, போ உன் வீட்டுக்கு" என்பாள் இவள். "உன்கிட்ட மூக்கு எங்கடி இருக்கு ஒத்து வர்றதுக்கு?" என்பாள் அவள். சாப்பிட வருகிறவர்கள் அதையும் சேர்த்து ரசிக்கத்தான் வந்தார்கள்.

இலையுதிர்காலம் முடியும்போது வெங்காயமும் நாற ஆரம்பித்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. தன் கடையின் நடுவிலேயே நின்று, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு வதக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் தாங்க முடியாமல் பின்வாசலில் உட்கார்ந்து அழுதாள். ஒன்றுமே தெரியாமல் இருந்ததே தேவலை என்றுகூடத் தோன்றியது. வேரா போனில், "நாறட்டும், நாறட்டும், நல்லா நாறட்டும்" என்றாள். பேயோட்டுகிறவள்போலச் சொல்கிறாளே என்று அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எழுந்துபோய் மறுபடி கரண்டியைப் பிடித்தாள்.

புத்தாண்டுக்கு முந்தின வாரம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, கடை நிறைந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு லாரிக்காரர், லக்மானை முடித்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு மாண்டரின் ஆரஞ்சை எடுத்து உரித்தார். தட்டுகளை எடுத்துக்கொண்டு அவரைக் கடந்துபோன ரிஸ்வான்குல், நடந்த வேகத்திலேயே நின்றாள்.

மாண்டரின். நாற்றமில்லை, கோணலில்லை. தோலைக் கிள்ளினால் தெறிக்குமே, அந்தக் கூர்மையான, இனிப்பான, குளிர்கால மணம். ஒரே ஒரு மூச்சுக்கு அது இருந்தது. அடுத்த மூச்சில் போய்விட்டது. அதற்கடுத்ததில் மங்கலாக மறுபடி வந்தது.

"அண்ணே" என்றாள். "அண்ணே, அந்தத் தோல எனக்குத் தர்றீங்களா?"

லாரிக்காரர் விழித்தார். "தோலையா? பழமே தர்றேன், எடுத்துக்கம்மா."

"பழம் நீங்க சாப்பிடுங்க. தோல் போதும்."

அவர் தோலை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் தட்டுகளை அப்படியே பக்கத்து மேஜையில் இறக்கிவிட்டு, இரு கைகளையும் குவித்து முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். உள்ளே அடுப்பிலிருந்து மாஹினூர் கத்தினாள்:

"ஏண்டி, அங்க நின்னு என்ன பண்ற? பூண்டு கருகுது!"

"கருகட்டும்டி" என்றாள் ரிஸ்வான்குல், கைகளுக்குள்ளிருந்தே. "நீ இங்க வா."